நஞ்சப்பன் கொடுத்த சி.ஆர்.ஓ.

மூடியைத் தொறக்கவே இல்லீங்க என்று நஞ்சப்பன் எதற்காகச் சொன்னான்? யார் கேட்டது? குழந்தைவேலு கேட்கவில்லை. பெட்டியோடு ஒயரும் வருமா என்று கேட்டார், ஆட்டோவில் படுக்கப்போட்டுக் கொண்டுபோகலாமா என்று கேட்டார், மூடியைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்காத கேள்விக்கு ஒருத்தன் பதில் சொல்கிறான் என்றால் அந்தக் கேள்வி அவன் வயிற்றுக்குள் உருண்டுகொண்டு இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம். சொன்னது புதன்கிழமை சாயந்திரம். இன்றைக்கு ஞாயிறு, காலை பத்து மணி, நாலு நாளாக இந்த ஒரு வாக்கியத்தைக் கொட்டைப்பாக்கு மாதிரி கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு திரிகிறார் மனிதர். ஆவாரம்பாளையத்து வீட்டின் முன்னறை மேசையில் அந்த சி.ஆர்.ஓ. உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் ஓடுகிற ஓட்டத்தைச் சின்னத் திரையில் பச்சைக் கோடாக வரைந்து காட்டுகிற பெட்டி. மிஷினுக்குள் இருக்கிற எலக்ட்ரானிக் போர்டுகளை ரிப்பேர் செய்கிறவனுக்கு அதுதான் கண். இப்போது புத்தக அகலத்தில் டிஜிட்டலில் வந்துவிட்டது, பெங்களூரில் இருக்கிற மகன் வாங்கித் தருகிறேன் என்றுகூடச் சொன்னான், அவருக்கு வேண்டாம், அதில் வருகிற கோடு படிக்கட்டு படிக்கட்டாகத் தெரியும், பார்த்தால் எரிச்சல் வரும். இது கண்ணாடி டியூப் வைத்த பழைய ஜாதி, நாற்பது வயசுக்குக் குறையாது, தூக்கினால் தோள்பட்டை கழன்றுபோகும். நஞ்சப்பனும் அவரும் கணபதியில் கூட்டாகக் கடை வைத்திருந்த காலத்தில், மூடிப்போன ஒரு மில்லின் ஏலத்தில் இரண்டு பேருமாகப் போய் எடுத்தது. கடை பிரிந்தபோது நஞ்சப்பனிடமே நின்றுவிட்டது. பிரிந்து பதினோரு வருஷம், ஒரு கல்யாணத்தில் எதிரெதிர் பந்தியில் உட்கார நேர்ந்தபோதுகூடத் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டதில்லை, அப்படி இருக்க, போன வாரம் திடீரென்று போன். நஞ்சப்பன் பேசறேனுங்க, கடையைக் காலி பண்றேன், நம்ம சி.ஆர்.ஓ. லைன் வரமாட்டேங்குது, ரெண்டு வருசமாச் சும்மா கெடக்குது, எடைக்குப் போட மனசு வரலை, உங்களுக்கு வேணுமுங்களா? நம்ம சி.ஆர்.ஓ.வாம். பேசறேனுங்களாம். வாடா போடா என்று ஒரே டம்ளரில் டீ குடித்தவன், இப்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ங்க போட்டு முடிக்கிறான், இந்த மரியாதை எங்கிருந்து வந்தது, இதற்குள் என்ன இருக்கிறது. இவர் சொன்னது இரும்பு விலை. அதையும் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டான். எல்லாமே எண்ணெய் தடவின மாதிரி வழுக்கிக்கொண்டு நடந்தது, அதுதான் குழந்தைவேலுவுக்குப் பிடிபடவில்லை.

ஒளிவுமறைவு என்ன, உள்ளதைச் சொல்லிவிடலாம். அந்தப் பெட்டி ஓடவேண்டும் என்பதைவிட, அதற்குள்ளே ஏதாவது கள்ளத்தனம் கண்ணில் படவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஒரு ஒயரை வேண்டுமென்றே நறுக்கி வைத்திருக்கவேண்டும், நல்ல பார்ட்டைக் கழற்றிக்கொண்டு மட்டமானதை மாட்டியிருக்கவேண்டும், ஒரு சின்ன அடையாளம் போதும். கிடைத்துவிட்டால் பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் சொன்னது சரி. கிடைக்காவிட்டால்? அந்தப் பக்கம் நினைப்பு போகும்போதெல்லாம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறார். அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். ஒரு மில்லுக்கு ஆறு போர்டு சரிசெய்து கொடுத்தார்கள், நூல் அறுந்தால் மிஷினை நிறுத்துகிற போர்டு, ராத்திரி பகல் ஓய்வில்லாமல் ஓடுவது. நாற்பது நாளில் ஆறும் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிட்டன. மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்த பொன்னுரங்கம் போனில் கூப்பிட்டு நார்நாராகக் கிழித்தார், புதுக் கண்டன்சர்னு சொல்லிப்போட்டுப் பழசைக் கால் ஒட்டுப்போட்டு மாட்டியிருக்கீங்களே, சோறுதான் திங்கறீங்களா. கண்டன்சர் என்பது விரல் தடிமனில் சின்ன உருளை, அடியில் இரண்டு கம்பிக் கால். புதுசென்றால் கால் நீளமாக இருக்கும். ஒருதரம் போர்டில் வைத்து ஈயம் போட்டு மிச்சத்தை வெட்டிவிட்டால் குட்டையாகிவிடும், பிறகு கழற்றினாலும் குட்டைதான். கடையில் இரண்டு டப்பா இருந்தது. நீளக்கால் பிஸ்கட் டப்பாவுக்கு, குட்டைக்கால் பால்பவுடர் டப்பாவுக்கு. பிஸ்கட் டப்பாவில் இருந்து எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு கஸ்டமருக்குப் போடலாம், பால்பவுடர் டப்பா டெஸ்டிங்குக்கு மட்டும். இந்தச் சட்டம் போட்டதே குழந்தைவேலுதான், அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. பழசை ஒருத்தன் கஸ்டமர் போர்டில் மாட்டவேண்டுமானால் கம்பி சேர்த்துக் காலை நீட்டவேண்டும், அது கைதவறி நடக்கிற காரியமில்லை, உட்கார்ந்து, தெரிந்தே, வேலைமெனக்கெட்டுச் செய்யவேண்டும். கடையில் இருந்தது இரண்டே பேர். நான் செய்யவில்லை. அப்புறம் யார்? நடுக்கடையில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி இதைக் கேட்டார். நான் இல்லடா என்றான் நஞ்சப்பன், ஒரே ஒருதரம். அதுவும் குழந்தைவேலுவுக்கு உறுத்தியது, செய்யாதவன் ஒருதரமா சொல்லுவான், கத்தமாட்டானா, சத்தியம் பண்ணமாட்டானா. நூறுதரம் சொல்லியிருந்தால் செய்யாதவனுக்கு எதற்கு இத்தனை பேச்சு என்று நினைத்திருப்பார், அது வேறு விஷயம். டூல்ஸ் பையை மட்டும் எடுத்துக்கொண்டு அன்றைக்கு இறங்கியவர், நஞ்சப்பனைத் திருடன் என்று வைத்துக்கொண்டே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டார். அப்படி வைத்துக்கொண்டதில் ஒரு வசதி இருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

முதலில் மூடியின் ஸ்குரு. பக்கத்துக்கு இரண்டு, பின்னால் நாலு. ஒவ்வொன்றின் தலையிலும் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு, நெயில் பாலிஷ், அவர் வைத்ததுதான். ரிப்பேர் முடித்து மூடினதும் ஸ்குருத் தலையில் ஒரு சொட்டு வைத்துவிடுவது தொழிலில் உள்ள வழக்கம், பிறகு எவனாவது திருப்பினால் பொட்டு உடைந்து காட்டிக்கொடுக்கும். ஆளுக்கு ஒரு கலர் வைத்துக்கொள்வார்கள், நஞ்சப்பனுக்குச் சிவப்பு, இவருக்கு ஊதா. எட்டு ஸ்குருவையும் லென்ஸ் வைத்துப் பார்த்தார். எட்டுப் பொட்டும் முழுசாக இருந்தன, தூசு பிடித்து, ஓரம் பழுப்பேறி, ஒன்றில்கூடக் கீறல் இல்லை. அப்போது நிஜமாகவே திறக்கவில்லையா? அட, நெயில் பாலிஷ் எந்தப் பொட்டிக்கடையில் கிடைக்காது, ஊதா என்ன உலகத்தில் ஒரே பாட்டிலா, திறந்து வேலையைக் காட்டிவிட்டு மேலே ஒரு சொட்டு வைத்துத் தூசியைத் தடவினால் தெரியவா போகிறது. ஆனால் புதுசாக வைத்தால் பழைய பொட்டின் மேல் விளிம்பு தட்டும், நகத்தால் வருடிப் பார்த்தார், தட்டவில்லை, மறுபடி வருடினார். இந்த மனிதர் பால் பாக்கெட்டைக்கூடக் கையில் தூக்கிப் பார்த்து எடை குறைகிறதே என்று சொல்லுகிறவர், கேஸ் சிலிண்டருக்குத் தராசு வைத்திருக்கிறவர், முடிவெட்டுகிறவர் ஒரு பக்கம் கிருதாவைக் குறைத்துவிட்டார் என்று ஒரு மாசம் கண்ணாடி முன்னால் நின்றவர், எட்டுப் பொட்டுக்கா மசிவார். மகுடேஸ்வரி டீ கொண்டுவந்து மேசை ஓரத்தில் வைத்தாள். அவர் சம்சாரம், முப்பத்தைந்து வருஷமாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறவள்.

"கெடச்சுதுங்களா?" என்றாள்.

"என்னது?"

"நீங்க தேடறது."

"நான் என்ன தேடறேன்? கோளாறு என்னன்னு பாத்துட்டிருக்கறேன்."

"ஆமாமா. கோளாறுதான்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அந்த ஆமாமாவில் என்ன இருந்தது என்று அவருக்குப் புரியவில்லை. இவளும் ஒருவேளை நஞ்சப்பன் வீட்டோடு பேசிக்கொண்டு இருக்கிறாளோ, கோனியம்மன் கோயிலில் பார்த்துக் கீத்து, செவ்வாய்க்கிழமை தவறாமல் போகிறாளே, இல்லாவிட்டால் அவன் கடையைக் காலி செய்கிறான் என்று போன் வந்தபோது இவள் ஏன் ஆச்சரியப்படவில்லை. சரி, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஸ்குருவைக் கழற்றினார். ஊதாப் பொட்டுகள் சின்னச் சின்னத் தகடாக உடைந்து மேசைத்துணியில் விழுந்தன. மூடியைத் தூக்கியதும் பழைய தூசியும் சூடு கண்ட பேக்கலைட்டும் கலந்த வாசனை எழும்பியது, கணபதிக் கடையின் மத்தியான வாசனை அது, ஒரு நிமிஷம் அவருக்கு எதிர் மேசையில் ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. உள்ளே கைபட்ட அடையாளம் எதுவுமில்லை. தூசி ஒரே படுகையாகப் படிந்திருந்தது, யாராவது விரல் வைத்திருந்தால் தடம் தெரியும். தெரியவில்லை. தெரியாமல் இருப்பதே அவருக்குக் கோபத்தைக் கிளப்பியது.

சீரீஸ் பல்பு வைத்துக் கரண்ட் கொடுத்தார். நம்பிக்கையில்லாத எந்தப் பெட்டியையும் அவர் நேராகக் கரண்டில் கொடுப்பதில்லை, நடுவில் ஒரு நூறு வாட் குண்டு பல்பு இருக்கவேண்டும், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து பெட்டியைக் காப்பாற்றிவிடும். பளீரென்று எரியட்டும் என்று ஒரு மனம் வேண்டிக்கொண்டது. பல்பு ஒருதரம் சிவந்து அடங்கிவிட்டது, ஒழுங்கான பெட்டி செய்கிற காரியம். வலது கையை எடுத்து லுங்கிக் கட்டில் செருகிக்கொண்டார். டியூபின் பின்பக்கம் இரண்டாயிரம் வோல்ட் நிற்கிறது, சுவிட்சை அணைத்தாலும் கொஞ்சநேரம் நிற்கும், இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் நெஞ்சு வழியாகக் குறுக்கே பாய்ந்துவிடும், ஒரு கையைக் கட்டிப்போட்டுவிட்டு மறு கையால் மட்டும் வேலை செய்யவேண்டும் என்பது ஐ.டி.ஐ.யில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது. எல்லாரும் இடது கையைக் கட்டுவார்கள், இவர் பீச்சாங்கைக்காரர், வலதைக் கட்டுவார். நஞ்சப்பன் அதற்கும் கிண்டல் பண்ணுவான், உனக்கு ஷாக் கொடுக்கறதுக்கு கரண்ட்டே திரும்பிப்போய் இந்தப் பக்கம் வரணும்டா என்பான். எதற்கு இப்போது அது ஞாபகத்துக்கு வருகிறது. மீட்டர் முனையைப் பத்திரமாக ஒரு இடத்தில் தொட்டார், பன்னிரண்டு வோல்ட், சரி. மறுபக்கம் தொட்டார், அங்கேயும் பன்னிரண்டு காட்டவேண்டும், மூன்றும் சில்லறையும் காட்டியது, அதுவும் நிலையில்லாமல் நடுங்கியது. அங்கேயே விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு பக்கத்துச் சப்ளை செத்துவிட்டால் கோடு ஒரேயடியாக மறுபக்கம் இழுபட்டுத் திரைக்கு வெளியே போய் நிற்கும், டியூப் நன்றாகத்தான் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை. சப்ளை ஏன் செத்தது? டிரான்ஸ்பார்மருக்கு அடியில் மூலையில் ஒரு கண்டன்சர், தலை உப்பிக் கிடந்தது.

அந்த மூலையைப் பார்த்ததும் அவருக்குக் கை நின்றுவிட்டது. அந்தக் கண்டன்சரை மாற்றியவர் அவர்தான். கடைசியாக இந்தப் பெட்டியைத் திறந்ததே அதற்காகத்தான், மில்லுப் போர்டு வேலை ஓடிக்கொண்டிருந்த அதே ஆடி மாசம், கரண்ட் போவதும் வருவதுமாக அடித்த அடியில் பழைய கண்டன்சர் போய்விட்டது, இவர்தான் உட்கார்ந்து மாற்றி ஊதாப் பொட்டு வைத்து மூடினார். புதுசுதான் போட்டேன். புதுசுதானே போட்டேன். நல்ல புதுக் கண்டன்சர் இருபது வருஷம் சும்மா நிற்கும், தலை உப்பாது. அப்படியானால் இது நான் போட்டது இல்லை. நான் போட்ட புதுசைக் கழற்றிக்கொண்டு ஒரு பழசை வைத்திருக்கிறான். ரத்தம் குபுகுபுவென்று காதுக்கு ஏறியது, சந்தோஷம்தான், அதற்கு வேறு பேர் கிடையாது. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, தேங்கி நின்ற கரண்டை இறக்கிவிட்டு, ஈயம் இளக்குகிற அயனைச் சூடேற்றினார். ஈயம் இளகுகிறவரை பொறுக்க முடியவில்லை. கண்டன்சரை உருவி வெளியே எடுத்தார். கால்களில் மஞ்சள் ஸ்லீவ், ஒயரின் மேலுறை, போட்டிருந்தது. நோஸ் பிளேயரால் ஸ்லீவை மேலே தள்ளினார். பாதிக் காலில் ஈயக் குமிழி. ஒட்டு. இன்னொரு காலையும் பார்த்தார், அதிலும் ஒட்டு. பழைய குட்டைக் காலில் கம்பி சேர்த்து நீட்டியிருக்கிறது, பொன்னுரங்கம் போனில் சொன்ன அதே வேலை, அவர் இதுவரைக்கும் கண்ணால் பார்த்திராத வேலை, ஏனென்றால் மில்லு அந்த ஆறு போர்டையும் திருப்பிக் கொடுக்கவேயில்லை.

"மகுடேஸ்வரி, இங்க வா. சீக்கிரம் வா."

அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பாத்தியா? கால் ஒட்டு. அன்னைக்கு நான் சொன்னனா இல்லையா? ஊரே என்னைப் பேசுச்சு, அநியாயமா ஒரு மனுசன் மேல பழி போட்டுட்டான்னு. இப்ப என்ன சொல்லறே?"

மகுடேஸ்வரி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். கண்டன்சரை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது உங்க கொக்கியாட்ட இருக்குதுங்களே" என்றாள்.

"என்ன?"

"என்ற கொலுசு அத்துப்போனப்ப நீங்க ஒட்டுப்போட்டுக் குடுத்தீங்களே, ரெண்டு பக்கமும் கொக்கி பண்ணி ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டி. வாலு இப்படித்தான் திரும்பியிருந்துது. பட்டறைக்காரர்கூடக் கேட்டாரு, இதென்னம்மா எல்லாம் எதிர்ப்பக்கமா முறுக்கியிருக்குதுன்னு." அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை, பார்த்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அடுப்பில் பருப்பு வைத்திருக்கிறேன் என்று கண்டன்சரை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டு கம்பியையும் கொக்கியாக வளைத்து, ஒன்றுக்குள் ஒன்று மாட்டி, அழுத்தி, மேலே ஈயம் வைக்கிற ஒட்டு. இழுத்தாலும் வராது. நஞ்சப்பன் அப்படிச் செய்யமாட்டான், அவனுக்குப் பொறுமை கிடையாது, இரண்டு கம்பியைப் பக்கத்தில் வைத்து ஈயத்தை அப்பிவிடுவான், அதற்காக எத்தனை தரம் இவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான். ஒருவேளை பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பானோ, கற்றுக்கொண்டு வேண்டுமென்றே இடதுகைக்காரன் மாதிரி முறுக்கி, தூசியைக் கலைக்காமல், எட்டுப் பொட்டையும் உடைக்காமல்... குழந்தைவேலுவுக்கே அந்த இடத்தில் வெட்கமாகப் போய்விட்டது. நகத்தால் பொட்டை வருடிப் பார்த்தது யார், அவர்தானே. ஆடி மாசம். கரண்ட் இரண்டு மணி நேரம் இருக்கும், மூன்று மணி நேரம் போய்விடும். கடை வாசல்படியில் காற்றுக்கு உட்கார்ந்திருப்பார், கை சும்மா இருக்காது, அது ஒரு வியாதி அவருக்கு, பால்பவுடர் டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டு குட்டைக்கால் கண்டன்சர்களுக்கு மிச்சக் கம்பியை வளைத்து வளைத்துக் கொக்கி மாட்டிக்கொண்டே இருப்பார், கரண்ட் வந்ததும் வரிசையாக ஈயம் வைப்பார். எதற்கு? எதற்குமில்லை. நம்ம சொந்தச் சாமானுக்கு ஆகும் என்று சொல்லிக்கொண்டார். ஒரு பத்துப் பன்னிரண்டு இருக்கும். இந்த சி.ஆர்.ஓ. கெட்டபோது, நம்ம ஸ்கோப்புதானே, இது போதும் என்று அதில் ஒன்றைத்தான் எடுத்துப் போட்டார், ஆமாம், போட்டார், ஸ்லீவ் மாட்டியதுகூட ஞாபகம் வருகிறது, மஞ்சள், காலிங்பெல் ஒயரில் இருந்து உருவியது. இத்தனை வருஷமாகப் புதுசு போட்டேன் என்று எப்படி நினைத்துக்கொண்டிருந்தார். சரி, மீதி எங்கே போயிற்று? மேசையில் கிடந்திருக்கும். சாயந்திரம் கடை மூடுகிறபோது மேசையைத் துடைத்து ஒதுக்குகிறவர் யார்? அவர்தான், நஞ்சப்பன் ஷட்டரை இழுக்கக் கம்பி தேடிக்கொண்டிருப்பான். ஒவ்வொன்றாக எடுத்துக் கால் நீளத்தை மட்டும் பார்ப்பார். நீளக்கால் பிஸ்கட் டப்பாவுக்கு, குட்டைக்கால் பால்பவுடர் டப்பாவுக்கு. அவர் நீட்டியது எல்லாம் நீளக்கால். தகரத்தில் டிங் டிங்கென்று விழுகிற சத்தம் இப்போது காதில் கேட்கிறது. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் திருடவில்லை, அவர் போட்ட சட்டத்தை அவரே ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறார், அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் நஞ்சப்பன் பிஸ்கட் டப்பாவில் கைவிட்டிருப்பான், இவரும் விட்டிருப்பார், ஆறு போர்டுக்கும் அதிலிருந்துதான் போயிருக்கும். பிஸ்கட் டப்பாவில் இருந்து எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்று சொன்னவரே அவர்தானே. டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது, அதை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார்.

புதுக் கண்டன்சர் ஒன்றை எடுத்து மாட்டினார். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. கரண்ட் கொடுத்ததும் பல்பு சிவந்து அடங்கியது, கொஞ்சம் பொறுத்துத் திரையின் நடுவில் பச்சைக் கோடு வந்து நின்றது, மெல்லிசாக, ஒரு நடுக்கமில்லாமல். வேறு நாளாக இருந்தால் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்றிருப்பார். இப்போது உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார், அப்படியே இருக்கும்போது பழக்கதோஷம், மனசு அடுத்த சந்துக்குள் நுழைந்துவிட்டது. நஞ்சப்பனுக்கு இது தெரியும். தெரிந்துதான் கொடுத்திருக்கிறான். எடைக்குப் போட மனசு வரலையாம், மூடியைத் தொறக்கவே இல்லையாம், என் கையாலேயே திறந்து என் கண்ணாலேயே பார்க்கவேண்டும் என்று பதினோரு வருஷம் காத்திருந்து நேரம் பார்த்து வலை விரித்திருக்கிறான், இரும்பு விலைக்கு ஒத்துக்கொண்டதும் அதற்குத்தான், எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்கவேண்டும். கோபம் வந்ததும் உடம்புக்குத் தெம்பாக இருந்தது. கோபத்தில் அவருக்கு ஒரு நிழல் கிடைத்தது, அதில் போய் நின்றுகொண்டார். கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்கவேண்டும் என்று போனை எடுத்தார்.

"லைன் வந்துருச்சுங்களா?" என்றான் நஞ்சப்பன், எடுத்த எடுப்பில்.

"வந்துருச்சு."

"அப்பாடா. நல்லதாப் போச்சுங்க. எங்க அதைப் பழைய இரும்புக்காரன் உடைக்கறதைப் பாக்கணுமோன்னு இருந்துது."

"நீ ஏன் மூடியைத் தொறக்கலை? ரெண்டு வருசமாக் கெடந்துதுன்னியே. தொழில்காரன் ஒருத்தன் தொறந்து பாக்காம இருப்பானா?"

"எங்கீங்க தொறக்கறது. ரெண்டு கண்ணுலயும் பொரை விழுந்துருச்சு, ஆபரேசன் பண்ணியும் ஒண்ணு சரியா வரலை. அதனாலதான் கடையே மூடறேன். முன்னாடி தொறந்திருக்கலாம்தான். உங்க பாலிஷ் இருந்துது. அதை உடைச்சா அதுக்கும் நீங்க ஒண்ணு சொல்லுவீங்கன்னு உட்டுட்டேன்." அவன் லேசாகச் சிரித்தான், அதில் விஷம் இருக்கிறதா என்று குழந்தைவேலு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார், எவ்வளவு கேட்டும் கிடைக்கவில்லை. "என்ன கோளாறுங்க?"

சப்ளை போயிருந்தது, வயசாயிருச்சு, அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இவன் கண்ணுக்குத் தெரியாது, மகுடேஸ்வரி வெளியில் பேசமாட்டாள், கண்டன்சரைக் குப்பையில் போட்டால் திங்கட்கிழமை வண்டியில் போய்விடும், அதற்கப்புறம் உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. தெரியாது, தெரியாது என்று இரண்டுதரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். சப்ளை என்று ஆரம்பித்தார். மேசையில் கிடந்த ஒட்டுக் கண்டன்சர் கண்ணில் பட்டது.

"நஞ்சப்பா, அந்த மில்லுப் போர்டு. அந்தக் கண்டன்சருக்கெல்லாம் ஒட்டுப்போட்டது நான்தான். கரண்ட் இல்லாத நேரத்துல சும்மா ஒக்காந்து கால் நீட்டி வெச்சேன். நீளமா இருந்துதுன்னு நானே பிஸ்கட் டப்பாவுல போட்டுட்டேன். எனக்கு ஞாபகமே இல்லை. இப்பத்தான் ஸ்கோப்புல இருந்து ஒண்ணை எடுத்தேன், என்ற கைவேலை. உன்மேல தப்பு இல்லை. நான் சொன்னதெல்லாம் தப்பு."

அந்தப் பக்கம் டேப் ஒட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, சாமான் கட்டுகிறார்கள் போல. அது நின்றது. திட்டட்டும் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"நான் செய்யலைன்னு எனக்குத் தெரியுமுங்களே" என்றான் நஞ்சப்பன் கடைசியில். "என்கிட்டச் சொல்லி என்னங்க ஆகுது. அன்னைக்கு நீங்க கத்துனப்ப துளசிமணி சோத்துக் கேரியரோட கடை வாசல்ல நின்னுட்டிருந்தா, பாத்தீங்களா?"

குழந்தைவேலு பார்க்கவில்லை. நஞ்சப்பனின் சம்சாரம் அங்கே இருந்தாள் என்பதே இன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும்.

"குழந்தைவேலண்ணன் பொய் பேசமாட்டாருன்னுட்டா. அத்தோட முடிஞ்சுதுங்க. அன்னையிலிருந்து நான் எதைச் சொன்னாலும் ஒரு பார்வை. ஆஸ்பத்திரிக்குப் போறேன்னா நெசமாத்தான் போறேனான்னு பார்வை. இப்பக் கண்ணுக்காகக் கடையை மூடறேங்கறேன், அதையும் நம்பறதில்லை, வேற என்னமோ பண்ணிப்போட்டுத்தான் மூடறேன்னு நெனைக்கறா. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லைங்க, பார்வைதான்." அந்தப் பக்கம் அவளை ஒரு குரல் கூப்பிட்டுவிட்டு வந்தான். "போனை அவகிட்டக் குடுக்கறேன். ஒருதரம் நீங்களே சொல்லிருங்க. நீங்க சொன்னா நம்புவா."

போன் கை மாறுகிற சத்தம். குழந்தைவேலு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்கண்ணா. நல்லாருக்கீங்களா? அக்கா நல்லாருக்குதுங்களா?" துளசிமணியின் குரல் மாறவேயில்லை. அந்தக் குரலில் இருந்த மரியாதை அவருக்கு முள்ளாகக் குத்தியது.

"அம்மிணி, ஒரு விசயம். அந்த மில்லுப் போர்டுல பழைய கண்டன்சர் வந்தது நஞ்சப்பனால இல்லை. அது நான் பண்ணுன வேலை. அவன் ஒரு தப்பும் பண்ணலை. அன்னைக்கு நான் தெரியாம அவன்மேல பழி போட்டுட்டேன்." ஒன்றையும் விழுங்காமல், நிறுத்தி நிதானமாகச் சொன்னார். கொக்கியைச் சொன்னார், டப்பாவைச் சொன்னார். சொல்லி முடித்ததும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

அவள் நடக்கிற சத்தம் கேட்டது. ஒரு கதவைச் சாத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அண்ணா, அவருதான் இப்படிச் சொல்லச் சொன்னாருங்களா?"